கை நனைத்த ஞாயிற்றுக்கிழமை

பகல் ஒன்றே முக்கால் மணி, என் பிள்ளைக்குப் பார்த்ததில் எட்டாவது பெண், பெயர் தேன்மொழி. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் ஒன்றரைக்கு முடிகிறது; கால் மணி நேரம் தள்ளித்தான் இந்தக் கடைக்குள் கால் வைத்தோம். அதோ, அந்த மீன் தொட்டிக்குப் பக்கத்து மேஜை. பெண் வீட்டார் ஐந்து பேர், நாங்கள் மூன்று பேர். நானும் என் பிள்ளையும் அவன் சிநேகிதனும் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் கடைசி.

நீ சாப்பிடும்மா, ஆறிப்போகும். எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டேன், தப்பாக நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை தனி ஆளுக்கு மேஜை கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். எதுவும் வாங்காமல் உட்காரவும் விட மாட்டார்கள். இந்த அட்டையைப் பார்த்து நீயே எனக்கு ஒன்று சொல்லிவிடு. கவிச்சி கூடாது, புரட்டாசி. முட்டையும் வேண்டாம். சாப்பிடுவதற்கு இல்லை, உட்காருவதற்குத்தான்.

என் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன் அம்மா. கிருபாகரன் என்று பெயர். வருகிற தையில் முப்பத்தாறு முடிகிறது. ஆடி மாதம் வீட்டை விட்டுப் போனவன். போலீசுக்கா? போனேன். "முப்பத்தஞ்சு வயசு ஆம்பளைங்க, அம்மாகிட்ட சொல்லிட்டுப் போகலைன்னா அது கேஸ் ஆகாது" என்று ஸ்டேஷன் ரைட்டர் சிரிக்கிறான். அதனால் நானே தேடுகிறேன். எங்கே தேடுவது? அவன் எது இல்லாமல் இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்படி ஒரு கடை இல்லாமல் இருக்க மாட்டான். கொரியாக்காரன் கடை, தாய்லாந்துக்காரன் கடை, மோமோக் கடை, ஜப்பான்காரன் கடை. ஊரில் இருக்கிற ஒன்றையும் விடுவதில்லை. அவனும் தணிகையும் ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக ஒரு கடைக்குப் போவார்கள். ஏழு வருஷப் பழக்கம்.

தணிகைதான் அந்தச் சிநேகிதன். தணிகைவேல். செய்யாறு பக்கம், நம்ம ஆட்கள்தான். அப்பா அம்மா இல்லை, ஓர் அத்தைதான் வளர்த்தாள். முகப்பேரில் இரண்டு பேரும் சேர்ந்து வீடு எடுத்திருந்தார்கள். எனக்கு அயனாவரத்தில் சொந்த வீடு இருக்கிறது, இங்கேயே இருடா என்றால் ஆபீஸ் தூரம் என்பான் கிருபா. சரி, துணைக்கு ஒரு பையன் இருக்கிறானே என்று விட்டுவிட்டேன். தங்கமான பையன் அம்மா தணிகை. சமைப்பான், துணி மடிப்பான். கிருபாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். எந்தக் கடைக்குப் போனாலும் இவன் கிண்ணத்தை அவன் தன் பக்கம் இழுத்து ஒரு கிளறு கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். சிக்கனமான பிள்ளைகள் வேறு. வீட்டில் ஏசி ஒரே அறையில்தான். இன்னோர் அறையைப் பெட்டி போடுவதற்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் அந்த ஏசி அறையிலேயே படுத்துக்கொள்வார்கள். கரண்டு மிச்சம் பாரு. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்படி இருக்கிறது?

ஒரே குறை, கல்யாணம். அவன் அப்பா போன பிறகு எனக்கு அது ஒன்றுதான் வேலை. என் நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், எந்த வீட்டு விசேஷத்திலும் நாலு பேர் கேட்கிற மாதிரி, "அண்ணி, பையனுக்கு ஏதாவது குறையா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்பாள். சாப்பிட்ட கையோடு எழுந்து வந்திருக்கிறேன். நான் போய்விட்டால் இவனுக்கு ஒரு வாய் சோறு யார் போடுவது? ராத்திரி அதை நினைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

கோயிலில் வைத்துப் பெண் பார்க்கலாம் என்றேன். வர மாட்டேன் என்றான். பெண் வீட்டுக்குப் போகலாம் என்றேன். "பஜ்ஜி சொஜ்ஜி தின்னுட்டுப் பிடிக்கலைன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கும்மா, விடு" என்றான். தணிகைதான் வழி சொன்னான். "அம்மாவுக்காக ஒரு தடவை பாருடா. நாம ஞாயித்துக்கிழமை போற கடைக்கே அவங்களும் வரட்டும். நானும் கூட வரேன்." அப்படித்தான் பங்குனியில் ஆரம்பித்தது.

முதல் பெண் அண்ணாநகரில், மோமோக் கடை. நம்ம கொழுக்கட்டைதான் அம்மா, உள்ளே கோஸ், தொட்டுக்கொள்ள உயிர் போகிற காரம். இரண்டாவது நுங்கம்பாக்கம், தாய்லாந்துக்காரன். ரசத்தில் தேங்காய்ப்பால் விட்டு, மேலே ஏதோ புல்லை வெட்டிப் போட்டிருந்தான். மூன்றாவது பெண்ணுக்கு ஒரகடம் வரை போனோம். அங்கே கொரியாக்காரர்கள் ஃபேக்டரி வைத்திருக்கிறார்களாம், அவர்களுக்கென்று கடை. மேஜை நடுவில் அடுப்பு. பெண்ணின் அம்மா பட்டுப்புடவையோடு வந்து அடுப்புக்கு முன்னால் வேர்த்து வழிந்தாள். நாலாவது பழைய மகாபலிபுரம் ரோட்டில், பச்சை மீன் வைக்கிற ஜப்பான் கடை. எனக்கு ஒரு சோற்று உருண்டை வாங்கிக் கொடுத்து, அதில் மீன் இல்லை என்று தணிகை மூன்று தடவை கேட்டு உறுதி செய்தான். பெற்ற பிள்ளை கேட்கவில்லை பாரு.

எனக்கு அப்போது ஒரு சந்தேகம். நம்ம பக்கம் வழக்கம் உனக்குத் தெரியுமா? பெண் பார்க்கப் போனால் பலகாரம் சாப்பிடலாம், காபி குடிக்கலாம். ஆனால் சம்மதம் சொல்கிற வரைக்கும் கை நனைக்கக் கூடாது. சாப்பாட்டில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் அசிங்கம். கடையில் பெண் பார்த்தால் இதற்கு என்ன சட்டம்? யாரைக் கேட்பது? நானே முடிவு செய்தேன். சோறு என்றால் சாப்பாடு, தொடக் கூடாது. நூடுல்ஸ் இடியாப்பம் மாதிரி, பலகாரக் கணக்கு, சாப்பிடலாம். இதைச் சொன்னதும் தணிகை விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, இங்க எல்லாம் குச்சியில சாப்பிடறோம், கை எங்க நனையுது?" கிருபாவும் சிரித்தான். அவன் சிரித்துப் பார்ப்பதே அபூர்வம். தணிகை பேசினால்தான் சிரிப்பான்.

ஆனால் ஒரு பெண்ணும் பிடிக்கவில்லை. ஒருத்தி உயரமாம். ஒருத்தி அதிகம் பேசுகிறாளாம். அடுத்தவள் பேசவே இல்லையாம். ஐந்தாவது பெண் பல் டாக்டர், நல்ல நிறம், நல்ல குடும்பம். அவளாவது பிடிக்கும் என்று நினைத்தேன். கை கழுவுகிற இடத்துக்கு என் பின்னாலேயே வந்தாள். "ஆன்ட்டி, உங்க பையன் ரொம்ப நல்லவர். ஆனா அவருக்கு நான் வேணாம். எந்தப் பொண்ணும் வேணாம். அவர் யாரோட சந்தோஷமா இருக்கார்னு பாத்தாலே தெரியுதே. விட்டுடுங்க" என்றாள். வயசு இருபத்தெட்டு, பெரிய மனுஷி மாதிரி எனக்குப் புத்தி சொல்கிறாள். வாயாடி. தப்பித்தோம் என்று இருந்தது.

ஆனாலும் அவள் சொன்னது மனசில் உறுத்தியது. யாரோடு சந்தோஷமா இருக்கார் என்றாளே, அப்படியென்றால் வேறு ஒரு பெண் இருக்கிறாள். நான் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் அம்மா. 'ஹலோ' என்கிற குரலை வைத்தே இந்த ஆள் எதை மறைக்கிறான் என்று சொல்லிவிடுவேன். எனக்குத் தெரியாமல் இவன் யாரை வைத்திருக்க முடியும்? தணிகையைத் தனியாகப் பிடித்தேன். "உண்மையச் சொல்லுடா. அவ யாரு? வேற ஜாதியா? கல்யாணம் ஆனவளா?" என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்துப்போனது. "அப்படி ஒரு பொண்ணு இல்லம்மா, சத்தியமா இல்ல" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அதன் பிறகு எனக்கு நிம்மதி.

ஆறும் ஏழும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனி பாதி ஆகிவிட்டது. ஆடி பிறந்தால் பேச்சு எடுக்க முடியாது. ஜோசியர் வேறு, இந்த வருஷம் விட்டால் இனி இவன் ஜாதகத்தில் கல்யாணமே இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அப்போது வந்ததுதான் தேன்மொழி ஜாதகம்.

அப்பா ஏகாம்பரம், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அளந்து பேசுகிற மனுஷன். இங்கே வந்து உட்கார்ந்ததும் சாப்பாடு வந்துவிட்டது. தணிகைதான் எல்லாருக்கும் சொன்னான், யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குச் சர்க்கரை என்று கேட்டுக் கேட்டு. பெரிய பெரிய கிண்ணம், ஆவி பறக்கிறது. ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, சாப்பிடுங்க" என்றேன்.

"இருக்கட்டும்மா. பேச்சு முடியாம எங்க குடும்பத்துல யாரும் கை நனைக்க மாட்டோம். உங்க வழக்கமும் அதானே?"

"இது நூடுல்ஸ்தானே" என்றேன்.

"மதிய வேளைல எதைத் தின்னாலும் அது சாப்பாடுதான்."

எட்டு பேர் எட்டுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பரிமாறுகிற பிள்ளை, மணிப்பூரோ மிசோரமோ, இரண்டு தடவை வந்து, "நல்லா இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். தணிகை மெதுவாக, "அங்கிள், குச்சியில சாப்பிட்டா கை நனையாது, சட்டப்படி செல்லும்" என்றான். அந்தப் பெண் தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தது தணிகையைப் பார்த்து. நான் கவனித்தேன். எனக்கு எதுவும் தப்பாது.

ஏகாம்பரம் கிருபாவைப் பார்த்தார். "தம்பி, நூடுல்ஸ் ஆறுது. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சார், மன்னிச்சிடுங்க. எனக்கு இஷ்டம் இல்ல" என்றான் என் பிள்ளை. முகத்துக்கு நேராக. பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு.

அந்த மேஜைக்கு அடியில் பூமி பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன். எட்டாவது தடவை அம்மா. அந்த மனுஷன் முகம் கறுத்துவிட்டது. எழுந்தேன். "தணிகை, இப்படி வா" என்றேன். கை கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப் போனேன்.

"அந்தப் பொண்ணு எப்படிடா?"

"நல்ல பொண்ணும்மா. பாவம்."

"நீ பண்ணிக்க."

குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமல் நின்றான். "அம்மா, வேணாம்மா. என்னைக் கேக்காதீங்க."

"நீ கல்யாணம் இல்லாம அவனோடவே திரியறதாலதான் அவனுக்கும் அந்த நினைப்பே வரல. நீ ஒரு பக்கம் செட்டில் ஆனா அவனும் ஆவான். என் பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடுடா." சொல்லிவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். என் வயசுக்கு, அவனைப் பார்த்து.

"நான் போனா அவன் நல்லா இருப்பானாம்மா?" என்று கேட்டான்.

"சத்தியமா நல்லா இருப்பான்."

"நீங்க அப்படி நினைக்கிறீங்களா?"

"நினைக்கல, எனக்குத் தெரியும்."

முகத்தைக் கழுவினான். நிறைய நேரம் கழுவினான். நான் முன்னால் வந்து ஏகாம்பரத்திடம், "தப்பா எடுத்துக்காதீங்க. இதுவும் என் பிள்ளைதான். அம்மா இல்லாத பையன், நானே தாயா நின்னு செய்வேன். உங்க பொண்ணுக்கு இவன் பொருத்தம்" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்ட அவமானத்தை மறைக்க அவருக்கும் ஒரு மாப்பிள்ளை வேண்டியிருந்தது.

"அப்ப தம்பி கை நனைக்கட்டும்" என்றார்.

தணிகை வந்து உட்கார்ந்தான். குச்சியை எடுத்து ஓரமாக வைத்தான். வலது கையை அந்தக் கிண்ணத்தில் விட்டு, ஆறிப்போன நூடுல்ஸை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். குழம்பு முழங்கை வரை வழிந்தது.

"என்னடா பண்ற?" என்றான் கிருபா.

"சாப்பிடறேன்."

"தணிகை, என்னடா பண்ற?"

"சாப்பிடறேன்டா. நீயும் சாப்பிடு."

ஏகாம்பரம் என்னைச் 'சம்பந்தி' என்று கூப்பிட்டார். எல்லாரும் கை நனைத்தோம். பார்த்தால் கிருபாவின் நாற்காலி காலி. வாசல் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பொறாமை. கைக்கு வந்த பெண்ணைச் சிநேகிதன் கொண்டு போகிறானே என்று. மறுநாள் முகப்பேர் வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன். "அந்தப் பொண்ணு வேணும்னா அப்பவே சொல்லியிருக்கலாமேடா?"

சிரித்தான் அம்மா. நன்றாகச் சிரிக்கவில்லை. "முப்பது வருஷம் ஊரான் பேச்செல்லாம் கேட்டியே, நான் பேசறது ஒரு நாளாவது உன் காதுல விழுந்துச்சா?"

"நீ என்னடா சொன்ன, விழறதுக்கு?"

"எனக்குப் பொண்ணு வேணாம்மா. எனக்குத் தணிகை இருந்தா போதும். அவனையும் எடுத்துக்கிட்ட."

"எடுத்துக்கிட்டேனா? பைத்தியமாடா நீ? பக்கத்து ஃபிளாட்டே பார்த்து வைக்கிறேன் அவனுக்கு. தினம் பார்த்துக்கோ, தினம் பேசிக்கோ. யார் வேணாம்னா?" என்றேன். இதைவிட ஒரு தாய் என்ன செய்ய முடியும், நீயே சொல்லு. ஆடி மூன்றாம் நாள் அவன் பெட்டியோடு போய்விட்டான். ஆபீசில் கேட்டால் நீண்ட லீவு என்கிறார்கள். போன் எடுக்கவில்லை.

அப்புறம் ஞாயிறு தவறாமல் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். இரண்டு பஸ் மாறி ஒரகடம் போய்விட்டு வந்திருக்கிறேன். பாரிமுனையில் பர்மாக்காரர்கள் தெருவில் போடுகிற அத்தோ நூடுல்ஸ் கடையில் வெயிலில் நின்றிருக்கிறேன். என் போனில் அவன் படத்தைக் காட்டுவேன். எந்தக் கடையிலும் பரிமாறுகிற பிள்ளைகளுக்கு அவனைத் தெரிகிறது. ஆனால் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், "இன்னொரு அண்ணா எங்க ஆன்ட்டி?" இவனைக் கேட்டால் அவனைக் கேட்கிறார்கள். வாய்க்கு வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு வாசலையே பார்ப்பேன். கதவு திறக்கிறபோதெல்லாம் பாதி எழுந்துவிடுவேன். நூறு பேர் வருவார்கள். நூறு தடவை எழுந்து உட்காருவேன். அழவில்லை அம்மா, மிளகாய் நெடி. தண்ணீர் இருந்தால் இப்படித் தள்ளு.

தணிகையா? அவனைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். பத்திரிகை அடித்தோம், மோதிரம் எடுத்தோம், சரி சரி என்றுதான் இருந்தான். மெலிந்துவிட்டான், மாப்பிள்ளைக் களை வரவில்லை. தினம் காலையில் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்பான். "கிருபா பேசினானாம்மா?" அவ்வளவுதான். சிநேகிதன் என்றால் அப்படி இருக்க வேண்டும். "நீ கல்யாணம் முடிடா, அவன் தானா வருவான்" என்பேன். அதில் எனக்கு ஒரு துளியும் சந்தேகம் இருந்ததில்லை. இப்போதும் இல்லை. கோபம் தணிந்தால் வருவான். வந்தால் காட்டுவதற்கு ஒன்பதாவது ஜாதகம் இதோ பையிலேயே வைத்திருக்கிறேன். வேலூர்ப் பெண், எட்டுப் பொருத்தம்.

உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா அம்மா? ஆகிவிட்டதா. சரி. நல்லா இரு.

இப்போது தேட வேண்டிய ஆள் ஒருவன் இல்லை, இரண்டு பேர். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. செப்டம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, செய்யாற்றில் கல்யாணம். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. தணிகைவேல் மண்டபத்துக்கு வரவில்லை. பத்து மணிக்குக் கிருபாவின் நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. பேசியது தணிகை. "அம்மா, நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டோம், நீங்க சாப்பிடுங்க" என்றான். வைத்துவிட்டான்.